குழந்தைகள் ஏறி ஓட்டும் பேட்டரி கார்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார், ஜீப், பைக், டிராக்டர் என்று வெளித்தோற்றம் எதுவானாலும் உள்ளே இருப்பவை ஒரே சாமான்கள்தான்: ஈய அமில பேட்டரி, ஒன்றோ இரண்டோ மோட்டார், பிளாஸ்டிக் கியர் பாக்ஸ், காலால் மிதிக்கும் சுவிட்ச், ஒரு எலக்ட்ரானிக் போர்டு. ‘வண்டி கெட்டுப்போச்சு’ என்று மூலையில் கிடப்பவற்றில் பெரும்பாலானவற்றுக்கு உண்மையில் கெட்டது பேட்டரி மட்டுமே. அதுவும் சார்ஜ் போடாமலே கெடுத்தது. அதனால் இந்தப் பக்கத்தில் பேட்டரியைப் பற்றித்தான் அதிகம் இருக்கும்.

6, 12, 24 வோல்ட்: எதை வாங்குவது?

பெட்டியில் போட்டிருக்கும் வயதைவிட, குழந்தையின் எடை, கால் நீளம், வண்டி ஓடப்போகும் தரை இந்த மூன்றும் முக்கியம்.

6 வோல்ட் வண்டி பெரும்பாலும் மணிக்கு 2 முதல் 4 கிலோமீட்டர் வேகம் போகும். பெரியவர்கள் மெல்ல நடக்கும் வேகம்தான். ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயது வரை, வீட்டுக்குள், மொட்டை மாடியில், சிமெண்ட் தரையில் சரியாக ஓடும். புல்லில் இறக்கினால் திணறும். 12 வோல்ட் வண்டி 3 முதல் 6 கிலோமீட்டர் வரை போகும். மூன்றிலிருந்து ஆறு வயதுக்கு அதுவே போதும், குட்டையான புல்லிலும் லேசான ஏற்றத்திலும் இழுக்கும். 24 வோல்ட் வண்டிகளில் சில மணிக்கு 8, 10 கிலோமீட்டரைத் தொடும். ஸ்டீயரிங்கைத் திருப்பவும் மிதியிலிருந்து காலை எடுக்கவும் யோசிக்காமல் வருகிற வயதில்தான் அது பொருந்தும்.

‘பெரிசா வாங்கினா நாலு வருஷம் வரும்’ என்ற கணக்கு இதில் பலிக்காது. உட்கார்ந்ததும் குழந்தையின் பாதம் மிதியை முழுசாகத் தொட வேண்டும், முட்டி ஸ்டீயரிங்கில் இடிக்கக் கூடாது. கால் எட்டாத குழந்தை சீட்டின் நுனிக்கு நகர்ந்து வந்து ஓட்டும். பெல்ட் அப்போது சும்மா தொங்கும்.

இரண்டுமே 12 வோல்ட்தான். ஒன்று அரை மணியில் நிற்கிறது, இன்னொன்று ஒன்றரை மணி நேரம் ஓடுகிறது. ஏன்?

வோல்ட் சொல்வது மோட்டாருக்குக் கிடைக்கும் அழுத்தத்தை. எவ்வளவு நேரம் ஓடும் என்பதைச் சொல்வது ஆம்பியர் மணி. பேட்டரியின் மேல் 12 வோல்ட் 4.5 ஆம்பியர் மணி, 12 வோல்ட் 7 ஆம்பியர் மணி என்று அச்சிட்டிருக்கும். வண்டியின் விளம்பரத்தில் வோல்ட் பெரிய எழுத்தில் இருக்கும், ஆம்பியர் மணி பல சமயம் இருக்கவே இருக்காது. கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. 7 ஆம்பியர் மணி என்ற கணக்கு, 20 மணி நேரம் மெதுவாக இறக்கினால் கிடைப்பது, அதாவது 0.35 ஆம்பியர் வீதம். இரண்டு மோட்டார் உள்ள வண்டி ஒரு குழந்தையோடு சமதளத்தில் ஓடும்போதே சில ஆம்பியர்களை இழுக்கும். அந்த வேகத்தில் இறக்கினால் ஈய அமில பேட்டரி தன் முழுக் கொள்ளளவைத் தராது. தொடர்ந்து 7 ஆம்பியர் இழுத்தால் ஒரு மணி நேரம் ஓட வேண்டிய பேட்டரி, ஏறக்குறைய 35, 40 நிமிடத்தில் சோர்ந்துவிடும். புல், மணல், ஏற்றம், இரண்டு குழந்தைகள் என்று ஒவ்வொன்றும் அந்த நேரத்தை மேலும் வெட்டும். ஒரே வண்டி வழவழப்பான தரையில் ஒன்றரை மணியும் புல்வெளியில் அரை மணியும் ஓடினால் அது பழுதில்லை.

இரண்டு மோட்டார் தேவையா?

வெளியில் ஓட்டுவதென்றால் தேவை. ஒரு மோட்டார் வண்டியில் பின்சக்கரம் ஒன்றுதான் தள்ளும். அது வழுக்கும் இடத்தில் நின்றால் வண்டி நகராது, நேராகப் போகும்போதும் லேசாக ஒரு பக்கம் இழுக்கும்.

எடை வரம்பு 30 கிலோ என்றால், இரண்டு சீட்டுக்கும் சேர்த்தா?

சேர்த்துத்தான். இரண்டு சீட் இருப்பதால் வரம்பு இரட்டிப்பாகாது. 15 கிலோ குழந்தையும் 20 கிலோ குழந்தையும் ஏறினாலே 30 கிலோ வண்டி தாண்டிவிட்டது. வரம்பைத் தாண்டினால் உடல் பிளாஸ்டிக் உடைவதற்கு முன் கியர் பல் போகும்.

பிளாஸ்டிக் சக்கரமா, ஈவா சக்கரமா?

ஈவா என்பது ரப்பர் போல மெத்தென்ற ஃபோம் சக்கரம். சத்தம் குறைவு, பிடிப்பு அதிகம், வீட்டுத் தரையில் கோடு விழாது. கெட்டிப் பிளாஸ்டிக் சக்கரம் ரோட்டில் கடகடவென்று சத்தம் போடும், ஈரத் தரையிலும் சரிவிலும் சுழன்றுகொண்டே நிற்கும்.

சத்தத்தைக் குறைக்கவும் பிடிப்புக் கூட்டவும் பிளாஸ்டிக் சக்கரத்தில் சைக்கிள் டயரை வெட்டிச் சுற்றி ஸ்குரூ போடுகிறவர்கள் உண்டு. சத்தம் குறையும், உண்மைதான். ஆனால் பிளாஸ்டிக் சக்கரம் வழுக்குவதில் ஒரு நன்மை இருக்கிறது: வண்டி எங்காவது முட்டி நின்றால் சக்கரம் வழுக்கிச் சுழலும், கியர் தப்பிக்கும். பிடிப்பை அதிகமாக்கினால் அந்த அடி முழுவதும் கியர் பல்லில் விழும், மோட்டாரும் சூடாகும்.

பெட்டியைப் பிரித்தாயிற்று. பூட்டும்போது எங்கே தவறு நடக்கும்?

நாலு இடங்களில்.

முதலாவது பின்சக்கரம். கியர் பாக்ஸின் வெளிப்பக்கம் பற்கள் அல்லது பள்ளங்கள் இருக்கும், சக்கரத்தின் உள்பக்கம் அதற்குச் சரியான வடிவம் இருக்கும். இரண்டும் ஒன்றில் ஒன்று முழுசாக உட்கார்ந்த பிறகுதான் வாஷரும் நட்டும் போட வேண்டும். பாதி உட்கார்ந்த நிலையில் நட்டை முறுக்கினால் முதல் நாளே பற்கள் மழுங்கும். சக்கரத்தைக் கையால் லேசாக முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே தள்ளினால் சரியான இடத்தில் விழும்.

இரண்டாவது, வாஷர்களின் வரிசை. சக்கரத்துக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று கொடுத்திருப்பார்கள். ஒன்றை விட்டுவிட்டால் சக்கரம் கியர் பாக்ஸிலிருந்து விலகி, ‘டக் டக்’ என்று நழுவும்.

மூன்றாவது, ஸ்குரூ. கையால் முறுக்குங்கள். டிரில் போட்டு முறுக்கினால் பிளாஸ்டிக்கில் மரை உருவிவிடும், பிறகு அந்த ஸ்குரூ பிடிக்காது. லாக் நட்டுக்கு ஸ்பேனர் வேண்டும். முன் அச்சில் வளைத்து விடும் காட்டர் பின் இருந்தால் இரண்டு காலையும் எதிர்ப்பக்கங்களில் மடக்குங்கள்.

நாலாவது, பேட்டரி ஒயரைக் கடைசியில் மாட்டுவது. சிவப்பு சிவப்போடு, கறுப்பு கறுப்போடு. மாற்றி மாட்டினால் ஒரு நொடியில் போர்டு போய்விடும். பல வண்டிகள் பெட்டியில் வரும்போதே ஒரு ஒயரைக் கழற்றி வைத்திருப்பார்கள், வழியில் சார்ஜ் இறங்காமல் இருக்க. ‘புது வண்டி, ஒன்றுமே வேலை செய்யவில்லை’ என்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

பூட்டி முடித்ததும் குழந்தையை ஏற்றாமல், பின்பக்கத்தைத் தூக்கி வைத்து மிதியை அழுத்திப் பாருங்கள். இரண்டு சக்கரமும் ஒரே திசையில் சுற்ற வேண்டும்.

சார்ஜ் எவ்வளவு நேரம் போட வேண்டும்?

பேட்டரியின் ஆம்பியர் மணியைச் சார்ஜரின் ஆம்பியரால் வகுத்து, கிடைப்பதில் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டுங்கள். 7 ஆம்பியர் மணி பேட்டரிக்கு 1 ஆம்பியர் சார்ஜர் என்றால் எட்டு மணி நேரம், கூடப்போனால் ஒன்பது. 4.5 ஆம்பியர் மணிக்கு 500 மில்லி ஆம்பியர் சார்ஜர் என்றால் 11 மணி நேரம். கையேட்டில் 8 முதல் 12 மணி நேரம் என்று போட்டிருப்பது இந்தக் கணக்கில்தான். கடையில் பல மாதம் கிடந்த பேட்டரி என்பதால் முதல் முறை மட்டும் இன்னும் கொஞ்சம் நீட்டச் சொல்வார்கள். அந்த மணிக்கணக்கைக் கையேட்டில் பார்த்து அப்படியே செய்யுங்கள்.

அவசரத்துக்குப் பெரிய வண்டிக்கான சார்ஜரை மாட்டாதீர்கள். ஈய அமில பேட்டரிக்குள் அதன் ஆம்பியர் மணியில் பத்தில் மூன்று பங்குக்கு மேல் கரண்ட் செலுத்தக் கூடாது. 7 ஆம்பியர் மணிக்கு 2 ஆம்பியர்தான் எல்லை. அதற்கு மேல் போனால் பேட்டரி சூடேறி, உள்ளே வாயு உண்டாகி, உப்பிவிடும்.

இரவு முழுக்க சார்ஜரில் விடலாமா?

சார்ஜரைப் பொறுத்தது. தானாக நிற்கும் சார்ஜர் 12 வோல்ட் பேட்டரியை 14.4 வோல்ட் அளவுக்கு ஏற்றிவிட்டு 13.6 போன்ற குறைந்த அளவுக்கு இறங்கிக்கொள்ளும். அதில் விட்டால் பிரச்சினை இல்லை. ஆனால் பல வண்டிகளோடு வருவது அந்த வகையல்ல, நிறுத்தாமல் ஏற்றிக்கொண்டே இருக்கும். அதில் பச்சை விளக்கு எரிந்தாலும் கரண்ட் போய்க்கொண்டிருக்கலாம். நாள்கணக்கில் விட்டால் உள்ளே இருக்கும் ஈரம் வற்றும். மூடிய பேட்டரி என்பதால் தண்ணீர் ஊற்றிச் சரிசெய்யவும் முடியாது. எந்த வகை என்று தெரிய வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் ஒன்று போதும்: பச்சை விளக்கு வந்து இரண்டு மணி நேரம் கழித்தும் பேட்டரி முனைகளில் 14 வோல்ட்டுக்கு மேலேயே நின்றால், மணிக்கணக்குப் பார்த்துக் கழற்ற வேண்டிய சார்ஜர் அது.

சார்ஜர் வெதுவெதுப்பாக இருப்பது இயல்பு. பேட்டரி தொட முடியாத அளவு சுட்டால் உடனே கழற்றுங்கள். காற்றோட்டமுள்ள இடத்தில், மெத்தை, துணி இவற்றிலிருந்து தள்ளி வைத்துச் சார்ஜ் போடுங்கள். பிளக்கைச் செருகுவதும் எடுப்பதும் பெரியவர்கள் வேலை.

சார்ஜர் மாட்டியிருக்கும்போது வண்டி ஓடாது. அது பழுதல்ல, வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள்.

இரண்டு மாதம் யாரும் தொடவில்லை. இப்போது சார்ஜே ஏறவில்லை. என்ன ஆயிற்று?

இதுதான் இந்த வண்டிகளின் சாவுக்கு முதல் காரணம். ஈய அமில பேட்டரி சார்ஜ் இறங்கிய நிலையில் கிடந்தால், தகடுகளின் மேல் ஈய சல்ஃபேட் படிகமாக இறுகிவிடும். இறுகிய இடம் திரும்ப வேலைக்கு வராது. மொபைல் பேட்டரியைப் போல ‘தீர்ந்த பிறகு போட்டுக்கொள்ளலாம்’ என்று இதை வைத்திருக்கக் கூடாது. விளையாடி முடித்த அன்றே சார்ஜ் போடுவது, பத்து நிமிடம் ஓட்டியிருந்தாலும் போடுவது, இதுதான் பழக்கம். விளையாடாத மாதங்களிலும் மாதம் ஒரு முறை முழுசாக ஏற்ற வேண்டும்.

சுவிட்சை அணைத்தாலும் சில வண்டிகளில் ரிமோட் போர்டு சிறிதளவு கரண்டை இழுத்துக்கொண்டே இருக்கும். நீண்ட நாள் வைப்பதென்றால் முழுச் சார்ஜோடு பேட்டரியின் ஒரு ஒயரைக் கழற்றி வையுங்கள். வெயில் படும் பால்கனி வேண்டாம். வெப்பம் 10 டிகிரி கூடினால் தானாக இறங்கும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும், ஆயுளும் பாதியாகும்.

ஏற மறுக்கும் பேட்டரியை மீட்ட முடியுமா? மீட்டரில் 12 வோல்ட் பேட்டரி 10.5க்கு மேல் காட்டினால், சரியான சார்ஜரில் ஒரு நாள் வைத்துப் பார்க்கலாம். 6, 7 வோல்ட் காட்டினால் செலவழிக்கும் நேரம் வீண். சில சார்ஜர்கள் இவ்வளவு இறங்கிய பேட்டரியை அடையாளமே காணாமல் செருகியதும் பச்சை காட்டும். ‘உடனே ஃபுல் ஆயிடுச்சு’ என்று நம்பிவிடாதீர்கள்.

வண்டி ஓடவே இல்லை. எங்கிருந்து பார்ப்பது?

பேட்டரியிலிருந்து மோட்டார் வரை, கரண்ட் போகும் வழியிலேயே போங்கள். போர்டை முதலில் மாற்றுவதுதான் எல்லோரும் செய்வது, பெரும்பாலும் அது குற்றவாளி அல்ல. 6, 12 வோல்ட் வண்டிக்கு 20 வோல்ட் வரை அளக்கும் எந்த மல்டிமீட்டரும் போதும்.

பேட்டரி முனைகளில் அளவெடுங்கள். சார்ஜ் போட்டுக் கழற்றி இரண்டு மணி நேரம் கழித்து 12.7 முதல் 12.9 வோல்ட் இருந்தால் முழுசு; 12.3 அளவு பாதி. 12க்குக் கீழே கிட்டத்தட்டக் காலி. 6 வோல்ட் பேட்டரிக்கு இதில் பாதி. ஆனால் இந்த அளவு மட்டும் போதாது. சல்ஃபேட் ஏறிய பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 என்று கம்பீரமாகக் காட்டும், மிதியை அழுத்தியதும் 8க்கு விழும். மீட்டர் முனைகளைப் பிடித்துக்கொண்டு, குழந்தையை உட்காரவைத்து மிதிக்கச் சொல்லுங்கள். ஓடும்போதும் 11.5க்குமேல் நின்றால் பேட்டரி நல்லது. 10க்குக் கீழே போனால் வேறு எங்கும் தேட வேண்டாம். விளக்கு எரிகிறது, பாட்டுப் பாடுகிறது, வண்டி மட்டும் நகரவில்லை என்பதற்கும் பெரும்பாலும் இதே காரணம். பாட்டுக்கு அரை ஆம்பியர்கூட வேண்டாம்.

அடுத்தது ஃபியூஸ். பேட்டரியின் சிவப்பு ஒயரிலேயோ சீட்டுக்கு அடியிலேயோ இருக்கும். தானாகத் திரும்பும் வகை என்றால் அதிகச் சுமையில் வெட்டிவிட்டு, ஆறியதும் தானே இணையும். ‘பத்து நிமிஷம் ஓடுது, நிக்குது, கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி ஓடுது’ என்றால் ஃபியூஸ் கெடவில்லை, அதன் வேலையைச் செய்கிறது. சுமை ஏன் அதிகம் என்று பாருங்கள்: எடை, ஏற்றம், சக்கரத்தில் சுற்றிய முடி, காய்ந்த கியர்.

பிறகு கனெக்டர்கள். பிளாஸ்டிக் பழுப்பேறியோ உருகியோ இருந்தால் அந்த இணைப்பு தளர்ந்து சூடாகியிருக்கிறது. முனையை மாற்றுங்கள், டேப் சுற்றி மூடாதீர்கள்.

சார்ஜிங் சாக்கெட்டை மறக்காதீர்கள். ‘சார்ஜர் மாட்டினால் வண்டி ஓடக் கூடாது’ என்ற ஏற்பாடு பல வண்டிகளில் சாக்கெட்டின் உள்ளே இருக்கும் ஒரு சிறு தகட்டால்தான். அது வளைந்தோ துருப்பிடித்தோ சிக்கிக்கொண்டால், சார்ஜர் மாட்டாமலே மாட்டியதாக வண்டி நினைத்துக்கொள்ளும். பிளக்கை நாலைந்து முறை செருகி எடுத்தால் சில சமயம் சரியாகும்.

அடுத்து மிதி. ரிமோட்டில் ஓடுகிறது, மிதியில் ஓடவில்லை என்றால் மிதிக்கு அடியில் இருக்கும் சிறு சுவிட்சுதான். அழுத்தும்போது ‘டிக்’ சத்தம் வர வேண்டும், மீட்டரில் தொடர்ச்சி (இரு முனையும் உள்ளே இணைந்திருப்பது) காட்ட வேண்டும். மண் புகுந்து கெடுவது சகஜம். விலை குறைந்த பாகம், இரண்டு ஸ்குரூதான். இரண்டிலும் ஓடவில்லை என்றால் முன்-பின் சுவிட்சைப் பாருங்கள்.

கடைசியில் மோட்டாருக்குப் போகும் கனெக்டரில் அளவெடுங்கள். மிதியை அழுத்தும்போது 12 வோல்ட் வந்தும் மோட்டார் சுற்றவில்லையா, கோளாறு மோட்டாரில்தான்; பெரும்பாலும் அதற்குள் கரண்டைக் கடத்தும் கார்பன் துண்டு தேய்ந்திருக்கும். வோல்ட்டே வரவில்லையா, அப்போதுதான் போர்டு. போர்டில் கரண்டை இணைத்து வெட்டும் சுவிட்சான ரிலே ‘டக்’ என்று சத்தம் போட்டும் வோல்ட் வராவிட்டால் ரிலேயின் உள் தொடுமுனை கருகியிருக்கும்.

மோட்டார் சத்தம் வருகிறது, வண்டி நகரவில்லை.

கியர் பல் போய்விட்டது, அல்லது சக்கரம் கியர் பாக்ஸிலிருந்து விலகிவிட்டது. முதலில் சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள். அது நன்றாக இருந்தால் கியர் பாக்ஸ்.

கியர் உடைவதற்கு முதல் காரணம், முன்னால் ஓடிக்கொண்டிருக்கும்போதே ரிவர்ஸ் போடுவது. நின்ற பிறகு மாற்றப் பழக்குங்கள். இரண்டாவது, சுவரில் முட்டிய பிறகும் மிதியை விடாமல் அழுத்துவது. மெதுவாகத் தொடங்கும் வசதி உள்ள போர்டு கியருக்கு நல்லது, ஏனென்றால் மோட்டார் ஒரேயடியாகத் துள்ளாது. வாங்கும்போது பார்க்க வேண்டிய வசதிகளில் பாட்டு, விளக்கு எல்லாவற்றுக்கும் முன்னால் இதைச் சொல்லலாம்.

மோட்டாரும் கியர் பாக்ஸும் மாற்றும்போது ஐந்து பொருந்த வேண்டும்: வோல்ட், மோட்டார் அளவு (380, 390, 550 என்று எண்ணிருக்கும்), நிமிடத்துக்குச் சுற்று, மோட்டார் முனையில் இருக்கும் சிறு கியரின் பல் எண்ணிக்கை, கியர் பாக்ஸின் வெளி வடிவம். இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுவதே நல்லது. சுற்று வேகம் வேறுபட்டால் வண்டி எப்போதும் ஒரு பக்கம் இழுக்கும். புதுக் கியரில் பிளாஸ்டிக்குக்கு ஏற்ற வெள்ளை கிரீஸ் மெல்லியதாகத் தடவினால் போதும். எண்ணெய் ஸ்ப்ரே அடித்தால் இருக்கும் கிரீஸும் கரைந்து ஓடிவிடும்.

ஒரு சக்கரம் மட்டும் சுற்றுகிறது.

இடது வலது மோட்டார் கனெக்டர்களை மாற்றி மாட்டுங்கள். பழுது இடம் மாறாமல் அதே பக்கம் நின்றால் மோட்டார். மறுபக்கம் போனால் ஒயரோ போர்டோ. இரண்டு மோட்டார்களும் எதிரெதிராகப் பார்த்து உட்கார்ந்திருப்பதால் மாற்றி மாட்டும்போது சக்கரம் எதிர்த்திசையில் சுற்றலாம், பயப்பட வேண்டாம். பிறகு பழையபடி மாட்டிவிடுங்கள். ரிப்பேருக்குப் பிறகு வண்டி நின்ற இடத்திலேயே வட்டமடித்தால், ஒரு மோட்டாரின் இரண்டு ஒயரும் இடம் மாறியிருக்கின்றன.

போர்டு இல்லாத எளிய வண்டிகளில், குறைந்த வேகத்தில் இரண்டு மோட்டார்களும் தொடராகவும் (ஒன்றன் வழியாக இன்னொன்றுக்குக் கரண்ட் போகும்படி) அதிக வேகத்தில் பக்கத்துப் பக்கமாகவும் (இரண்டுக்கும் தனித்தனியே கரண்ட் போகும்படி) இணைக்கப்பட்டிருக்கும். அதனால் ஒரு மோட்டார் கெட்டால் குறைந்த வேகத்தில் வண்டி அசையாது, அதிக வேகத்தில் நொண்டிக்கொண்டு ஓடும். இந்த வண்டிகள் மணலில் மாட்டிக்கொண்டு ஒரு சக்கரம் மட்டும் சுற்றினால், பழுதில்லாவிட்டாலும் அப்படித்தான்: தொடர் இணைப்பில் வழுக்கும் சக்கரமே வோல்ட்டைப் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளும்.

ரிமோட் கேட்கவில்லை.

ரிமோட்டின் செல்களை மாற்றிவிட்டு, திரும்ப இணைத்துப் பாருங்கள். பெரும்பாலான 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட்களில் வண்டியை அணைத்து, ரிமோட்டின் இணைப்புப் பொத்தானைச் சில நொடி அழுத்திப் பிடித்து, விளக்கு மினுக்கும்போது வண்டியை ஆன் செய்ய வேண்டும். விளக்கு நின்று எரிந்தால் சேர்ந்துவிட்டது. வண்டி பேட்டரி சோர்ந்திருந்தாலும் ரிமோட் விட்டுவிட்டுத்தான் கேட்கும்.

பேட்டரியை மாற்றும்போது எதைப் பார்ப்பது?

வோல்ட் அதேதான் இருக்க வேண்டும். ஆம்பியர் மணி அதேயோ, இடம் கொண்டால் கொஞ்சம் அதிகமோ. 12 வோல்ட் 7 ஆம்பியர் மணி பேட்டரியின் வழக்கமான அளவு 151 × 65 × 94 மில்லிமீட்டர்; 6 வோல்ட் 4.5 ஆம்பியர் மணி 70 × 47 × 101. தகடு முனையின் அகலம் 4.8 மில்லிமீட்டரா 6.3 மில்லிமீட்டரா என்றும் பாருங்கள். மாறினால் பழைய ஒயர் முனை தளர்வாக நிற்கும், அங்கேதான் சூடாகும். இரண்டு 6 வோல்ட் பேட்டரி தொடராக இருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். பழையதும் புதியதும் ஜோடி சேர்ந்தால் பழையது புதியதையும் கெடுக்கும்.

ஆம்பியர் மணி கூடினால் வேகம் கூடாது, ஓடும் நேரம்தான் கூடும், சார்ஜ் நேரமும் கூடும். இரண்டு முனையையும் ஸ்பேனர் ஒருசேரத் தொட விடாதீர்கள்; சிறிய பேட்டரிதானே என்று நினைப்பது தவறு, ஷார்ட் ஆனால் ஒயரை உருக்கும் அளவு கரண்ட் வரும்.

6 வோல்ட் வண்டிக்கு 12 வோல்ட் பேட்டரி, 12 வோல்ட்டுக்கு 18 வோல்ட் டிரில் பேட்டரி போடலாமா?

ஓடும். எவ்வளவு நாள் என்பதுதான் கேள்வி. வோல்ட் இரண்டு மடங்கானால் வேகம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, மோதலில் வெளிப்படும் ஆற்றல் நாலு மடங்கு. பிரேக், ஸ்டீயரிங் கம்பி, அச்சு, பெல்ட் எதுவும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. முதலில் போவது போர்டு, அடுத்தது கியர் பல், பிறகு மோட்டார்.

டிரில் பேட்டரியில் இன்னொரு சிக்கல் உண்டு. வோல்ட் மிகவும் இறங்கினால் நிறுத்தும் ஏற்பாடு பல பிராண்டுகளில் பேட்டரிக்குள் இல்லை, டிரில்லுக்குள்தான் இருக்கிறது. காரில் மாட்டும்போது நிறுத்த யாருமில்லை, லித்தியம் செல் அடிமட்டம் வரை இறங்கும். அப்படி இறங்கியதைத் திரும்பச் சார்ஜ் போடுவதுதான் ஆபத்து.

ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று பெரிய ஃபியூஸ் போடுவதும், கம்பி சுற்றி வைப்பதும் இதைவிட மோசம். ஃபியூஸ் காப்பாற்றுவது ஒயரை. ஒயருக்கு மேலே உட்கார்ந்திருப்பது குழந்தை. 1998இல் அமெரிக்காவில் மின் பாகங்கள் சூடாகித் தீப்பிடிக்கலாம் என்ற காரணத்தால் ஒரே பிராண்டின் ஒரு கோடி வரையிலான வண்டிகள் ரிப்பேருக்குத் திரும்ப அழைக்கப்பட்டன. இந்த வகை வண்டிகளின் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரம் ஐஇசி 62115. பெட்டியில் அந்த எண்ணோ உங்கள் நாட்டின் அதற்கு இணையான முத்திரையோ இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள்.

லித்தியத்துக்கு மாறியே ஆக வேண்டுமென்றால், 12.8 வோல்ட் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை மட்டும், அளவுக்கு மீறி ஏறாமலும் இறங்காமலும் தடுக்கும் காவல் போர்டு உள்ளதாக, மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் கரண்டைத் தாங்குவதாக, அதற்கென்றே உள்ள சார்ஜரோடு. பழைய சார்ஜரை அதில் மாட்டக் கூடாது.

பிரேக் எங்கே இருக்கிறது?

தனியாக இல்லை. மிதியிலிருந்து கால் எடுத்ததும் மோட்டாரின் இரு முனையும் உள்ளே இணைந்து, சுற்றும் மோட்டாரே தன்னைப் பிடித்து நிறுத்தும். அதனால்தான் அணைத்த வண்டியைத் தள்ளினாலும் கனமாக இருக்கிறது. கியர் பல் போனாலோ மோட்டார் ஒயர் கழன்றாலோ பிரேக்கும் போயிற்று என்று அர்த்தம். அந்த வண்டியைச் சரிவில் ஓட்டவே கூடாது. நல்ல வண்டியும் செங்குத்தான சரிவில் நிற்காது. கயிறு கட்டி வேகமாக இழுப்பதும் கியரைத் தேய்க்கும்.

மழையில் நனைந்துவிட்டது.

உடனே ஆன் செய்யாதீர்கள். பேட்டரி ஒயரைக் கழற்றி, சீட்டைத் தூக்கி, நிழலில் காற்றோட்டமாக இரண்டு நாள் காய விடுங்கள். மிதி சுவிட்சும் சார்ஜிங் சாக்கெட்டும் கடைசியில்தான் காயும். கழுவுவதற்கும் பைப் தண்ணீர் வேண்டாம், ஈரத்துணி போதும்.

எங்கே ஓட்டலாம், என்ன கவனிக்க வேண்டும்?

வாகனம் வராத, சுற்றிலும் அடைத்த, சமமான இடம். ரோடு, படிக்கட்டுப் பக்கம், நீச்சல் குளம், கிணறு, குட்டை இவற்றின் பக்கம் கூடவே கூடாது. வண்டி உயரம் குறைவு. பின்னால் எடுக்கும் நிஜக் காரின் டிரைவருக்குக் கண்ணில் படாது. ஷூ, பெல்ட், வேகமான வண்டிக்கு ஹெல்மெட். நீளமான முடியும் தொங்கும் துணியும் பின்சக்கரத்தில் சுற்றும். அதிக வேகத்துக்கு மாற்ற விடாமல் தடுக்கும் வேக பூட்டு ஸ்குரூ இருந்தால் முதல் சில வாரம் அதைக் கழற்றாதீர்கள். சின்னக் குழந்தை ஓட்டும்போது ரிமோட் பெரியவர் கையில் இருக்கட்டும், மேசை மேல் அல்ல.

பழைய வண்டி வாங்குகிறேன். என்ன பார்க்க?

பேட்டரி செத்திருக்கும் என்று வைத்தே விலை பேசுங்கள். வேலை செய்யும் 12 வோல்ட் பேட்டரி ஒன்றைக் கையோடு எடுத்துப் போனால் ஐந்து நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும். குழந்தையை ஏற்றி, சுவரில் முன் பம்பரை முட்டவைத்து ஒரு நொடி மிதியுங்கள்: ‘கரகர’ என்று கியர் தாவினால் பல் போயிருக்கிறது. சீட்டைத் தூக்கி, தொழிற்சாலையில் போட்டதல்லாத ஒயரோ டேப்போ இருக்கிறதா என்று பாருங்கள். ஃபியூஸைச் சுற்றிக் கம்பி போட்டிருந்தால் அந்த வண்டியை வாங்காதீர்கள். முன்சக்கரத்தைப் பிடித்து ஆட்டினால் அதிகம் தளர்கிறதா என்பதும் முக்கியம். ஸ்டீயரிங் கம்பியின் ஓட்டை தேய்ந்திருந்தால் நேராகவே போகாது.

செத்த பேட்டரியை என்ன செய்வது?

குப்பையில் போடாதீர்கள்; உள்ளே ஈயமும் கந்தக அமிலமும் இருக்கிறது. வாகன பேட்டரி விற்கும் இடங்களில் பெரும்பாலும் பழையதை எடுத்துக்கொள்வார்கள். ஈயம் மறுபடி உருக்கிப் பயன்படுவதால் அதற்கு மதிப்பும் உண்டு. கொடுக்கும்வரை இரண்டு முனையிலும் டேப் ஒட்டி, நிமிர்த்தி வையுங்கள். உப்பியிருந்தாலோ வெடித்துக் கசிந்தாலோ கையுறை போட்டு எடுங்கள். கசிவு தோலில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், கண்ணில் பட்டால் விடாமல் கழுவிக்கொண்டே உடனே டாக்டரிடம் போங்கள்.